சிரிக்கலாமா கூடாதா: 'ஃபார்கோ'வை வைத்து டார்க் காமெடியைப் புரிந்துகொள்வது

1996-இல் வெளிவந்த 'ஃபார்கோ' என்ற அமெரிக்கப் படத்தைப் பற்றி இரண்டு பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொல்வார். இன்னொருவர், ஏழு பேர் செத்துப்போகிற படத்தில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கோபப்படுவார். இருவரும் பார்த்தது ஒரே படம். இருவருமே கவனமாகப் பார்த்திருக்கவும் கூடும். டார்க் காமெடி என்ற வகை புதிதாக இருக்கிறவர்களுக்கு, அது எப்படி வேலை செய்கிறது என்பதை இந்தக் கருத்து மோதலிலிருந்து தொடங்கிச் சொல்வதுதான் எளிது என்று எனக்குத் தோன்றுகிறது.

முடிவு உட்பட முழுக் கதையையும் தொட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது. படம் 98 நிமிடம்தான். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படித்தால் நல்லது.

கனடா எல்லையை ஒட்டிய மினசோட்டா மாநிலம், கடும் பனிக்காலம். மினியாபொலிஸ் நகரில் மாமனாரின் கார் ஷோரூமில் விற்பனை மேலாளராக இருக்கிறான் ஜெரி. ஏதோ பெரிய பணச் சிக்கல். இல்லாத கார்களைக் காட்டி 3,20,000 டாலர் கடன் வாங்கியிருக்கிறான் என்பது மட்டும் நமக்குத் தெரிகிறது. அந்தப் பணம் எங்கே போனது என்பதைப் படம் கடைசிவரை சொல்வதில்லை. தப்பிக்க அவன் கண்டுபிடிக்கும் வழி, சொந்த மனைவியை ஆள் வைத்துக் கடத்துவது. மாமனார் பணக்காரர், கேட்டதைக் கொடுத்துவிடுவார், யாருக்கும் அடிபடாது என்பது அவன் கணக்கு. அவன் அமர்த்தும் இரண்டு பேரில் கார்ல் வாய் ஓயாமல் பேசுகிறவன், கேயர் வாயே திறக்காதவன். கடத்திக்கொண்டு போகும் இரவில், பிரெய்னர்ட் என்ற சிறு நகரத்துக்கு அருகே ஒரு காவலர் வண்டியை நிறுத்துகிறார். கேயர் அவரைச் சுட்டுக் கொல்கிறான். அந்த வழியாக வந்து பார்த்துவிட்ட இரண்டு பேரையும் துரத்திப் போய்க் கொல்கிறான். விசாரிக்க வருபவர் பிரெய்னர்டின் காவல் தலைவி மார்ஜ், ஏழு மாதக் கர்ப்பிணி.

எழுதி எடுத்தவர்கள் ஜோயல் கோயன், ஈதன் கோயன் என்ற சகோதரர்கள். சுமார் 70 லட்சம் டாலர் செலவில், ஹாலிவுட் கணக்கில் சின்னப் படம். கான் விழாவில் ஜோயலுக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. 1997 ஆஸ்கர் விழாவில், மார்ஜாக நடித்த பிரான்சஸ் மெக்டார்மண்டுக்குச் சிறந்த நடிகை விருதும், படத்துக்குச் சிறந்த அசல் திரைக்கதை விருதும் வந்தன. விருதுகளைப் பற்றி இவ்வளவு போதும்.

சரி, டார்க் காமெடி என்றால் என்ன? கொலை, கடத்தல், சாவு, நோய் என்று சாதாரணமாக யாரும் சிரிக்காத விஷயங்களைச் சிரிப்பு வரும் விதத்தில் சொல்வது. இந்த வரையறை தவறில்லை, ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு படத்தைப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நம் ஊர்ப் படங்களில் நெடுங்காலம் காமெடி டிராக் தனியாக ஓடியது. நாயகனின் துயரம் ஒரு பக்கம், கவுண்டமணி, செந்தில் இன்னொரு பக்கம். எங்கே சிரிக்க வேண்டும், எங்கே கண் கலங்க வேண்டும் என்பதைப் பின்னணி இசையே சொல்லிவிடும். டார்க் காமெடியில் அந்தப் பிரிவு கிடையாது. ஒரே காட்சியில், ஒரே நொடியில் பயமும் சிரிப்பும் சேர்ந்து வரும். இப்போது எது என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அதைவிட முக்கியம், படத்தில் இருக்கிற யாருக்குமே தாங்கள் வேடிக்கையாக இருக்கிறோம் என்பது தெரியாது. ஜெரிக்கு அவன் வாழ்க்கை பெரும் சோகம். கார்லுக்கு அவன் வாழ்க்கை முடிவில்லாத அநியாயம். சிரிக்கிற பொறுப்பு முழுக்க நம் தலையில் விழுகிறது. பார்வையாளர்கள் இரண்டாகப் பிரிவது இதனால்தான்.

ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். ஜெரிக்கு ஒரு நிலத் திட்டம் இருக்கிறது. மாமனார் அதில் பணம் போட்டுவிட்டால் கடத்தலே தேவைப்படாது. ஆனால் மாமனாரோ அந்தத் திட்டத்தையே தன் பெயருக்கு எடுத்துக்கொண்டு, மருமகனுக்குச் சின்னத் தரகுத் தொகையோடு கணக்கை முடித்துவிடுகிறார். ஜெரி வெளியே வருகிறான். பரந்த வெள்ளைப் பனியில் அவன் கார் மட்டும் நிற்கிறது. கேமரா உயரத்தில் இருந்து பார்க்கிறது, அவன் ஒரு புள்ளி. கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்ட ஆரம்பிக்கிறான். திடீரென்று வெறி வந்து சுரண்டியைக் காரில் அடி அடியென்று அடிக்கிறான், தூக்கி எறிகிறான். அப்புறம் குனிந்து அதை எடுத்து, மறுபடியும் சுரண்டத் தொடங்குகிறான்.

வசனம் இல்லை, ஜோக் இல்லை. ஆனாலும் இங்கே நிறையப் பேருக்குச் சிரிப்பு வருகிறது. ஏன்? ஒரு மனிதனின் மொத்த வாழ்க்கையும் இடிந்து விழுகிற நேரத்திலும், வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் அந்தக் கண்ணாடியைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். பேரிடியும் சில்லறை வேலையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அளவு பொருந்தவில்லை. அந்தப் பொருத்தமின்மைதான் சிரிப்பை உண்டாக்குகிறது. அதே காட்சியைப் பார்த்து ஒருவருக்குத் தொண்டை அடைத்தால் அதுவும் சரிதான், ஏனென்றால் ஜெரியாக நடித்த வில்லியம் எச். மேசி அந்த வெறியை வேடிக்கைக்காகச் செய்யவில்லை, உண்மையாகவே உடைந்துபோகிறார்.

இந்த அளவுப் பொருத்தமின்மை படம் முழுக்க இருக்கிறது. மாமனாரிடம் பத்து லட்சம் டாலர் கேட்டுவிட்டு, கடத்தினவர்களிடம் 80,000 டாலர்தான் என்று சொல்லியிருக்கிறான் ஜெரி. பெட்டியைத் திறந்து பார்க்கும் கார்லுக்கு உண்மை தெரிகிறது. 80,000-ஐ மட்டும் கூட்டாளிக்குக் காட்ட எடுத்துக்கொண்டு, மீதி 9,20,000 டாலரை நெடுஞ்சாலை ஓரத்தில், ஒரு வேலியின் அடியில் பனிக்குள் புதைக்கிறான். நிமிர்ந்து இடப்பக்கம் பார்க்கிறான்: வேலி, பனி. வலப்பக்கம் பார்க்கிறான்: அதே வேலி, அதே பனி. அடையாளத்துக்குச் சின்னதாக ஒரு சிவப்புச் சுரண்டியை நட்டுவிட்டுப் போகிறான். அப்புறம் என்ன ஆகிறது? ஒன்பது லட்சத்துக்கு மேல் தனக்கென்று ஒளித்து வைத்திருக்கிறவன், ஒரு காரின் விலையில் பாதியைக் கொடுக்க மறுத்துத் தகராறு செய்து, அதனாலேயே கோடரியால் வெட்டுப்பட்டுச் சாகிறான். அந்தப் பணம் எங்கே இருக்கிறது என்று இனி உலகத்தில் யாருக்கும் தெரியாது. பேராசை பெரு நஷ்டம் என்று ஒரு வரியில் முடித்துவிடக்கூடிய கதைதான். ஆனால் படம் எந்த வரியையும் சொல்லாமல், அந்தத் தகராறு எவ்வளவு அற்பமானது என்பதை மட்டும் நம் கண் முன்னால் வைக்கிறது.

கார்ட்டர் பர்வெல்லின் இசையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய நார்வே நாட்டுப்பாடல் ஒன்றை அடிப்படையாகக் கொண்ட முக்கிய மெட்டு அது. ஒரு பெருங்காவியத்துக்கு வாசிப்பதுபோல் கனத்த சோகத்துடன் எழும்பும். ஆனால் திரையில் தெரிவது ஒரு கார் இன்னொரு காரைக் கட்டி இழுத்து வருவதுதான். இசையே இப்படி அளவு மீறி நிற்பதால், இது சோகமா கேலியா என்ற குழப்பம் முதல் நிமிடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

அந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டுவது படத்தின் தொடக்க வாசகம். இது உண்மைக் கதை, 1987-இல் மினசோட்டாவில் நடந்தது, உயிரோடு இருக்கிறவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர்களை மாற்றியிருக்கிறோம், இறந்தவர்களுக்கு மரியாதையாக மற்ற எல்லாவற்றையும் நடந்தபடியே சொல்கிறோம் என்று திரையில் எழுத்து வருகிறது. அது உண்மை இல்லை. கனெக்டிகட் மாநிலத்தில் 1986-இல் நடந்த ஒரு கொலையில் மரம் அரைக்கும் இயந்திரம் பயன்பட்டது. படத்தின் மிகப் பயங்கரமான காட்சிக்கு அதுதான் தூண்டுதல். மற்றபடி கடத்தலும் மனிதர்களும் ஊர்ச் சம்பவங்களும் எழுதப்பட்டவை. எல்லாம் கற்பனை என்ற வழக்கமான வாசகமும் படத்தின் கடைசியில் வருகிறது.

இதைத் தெரிந்துகொண்டதும் ஏமாற்றப்பட்டதாகக் கோபப்படுகிற ரசிகர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பொய் படத்துக்குள் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். உண்மையில் செத்தவர்கள் என்று நம்பும்போது நாம் சிரிக்கத் தயங்குகிறோம். அந்தத் தயக்கத்தோடு பார்க்கும்போது சிரிப்பு வந்துவிட்டால், சிரித்ததற்காகக் கொஞ்சம் வெட்கமும் வருகிறது. முழுக் கற்பனை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த வெட்கம் வந்திருக்காது, படமும் பாதி பலம்தான் பெற்றிருக்கும்.

அடுத்து வரும் குற்றச்சாட்டு கொஞ்சம் கனமானது: இந்தப் படம் சிறு நகரத்து மக்களைக் கேலி செய்கிறது என்பது. மினசோட்டாவிலேயே இதைச் சொன்னவர்கள் ஏராளம். சுவீடன், நார்வே நாடுகளில் இருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் நிறைந்த பகுதி அது. அவர்களுடைய பேச்சில் ஒரு தனி இழுவை உண்டு, வாக்கியத்துக்கு வாக்கியம் 'யா' என்று ஆமோதிப்பார்கள். படம் அந்த இழுவையைக் கூட்டிக் காட்டுகிறது என்பதும் உண்மைதான். தங்கள் பேச்சை உலகமே பார்த்துச் சிரிக்கிறது என்றால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். கோயன் சகோதரர்கள் வெளியாட்கள் இல்லை, மினியாபொலிஸை ஒட்டிய செயின்ட் லூயிஸ் பார்க்கில் வளர்ந்தவர்கள். ஆனால் சொந்த ஊர்க்காரர் என்பதற்காகக் கேலி கேலி இல்லாமல் போய்விடாது.

இந்தக் கேள்விக்குப் பதிலைப் படத்துக்குள்தான் தேட வேண்டும். மினசோட்டா மக்களின் பெயர்பெற்ற பணிவு, குரலை உயர்த்தாமை, முகத்துக்கு நேரே மறுத்துப் பேசாமை, இவை எல்லாம் படத்தில் இரண்டு பேரிடம் இருக்கின்றன. ஒருவன் ஜெரி. ஷோரூமில் ஒரு தம்பதி, வேண்டாம் என்று சொன்ன பூச்சுக்கும் சேர்த்துக் காசு கேட்கிறாயே என்று சண்டைக்கு வருகிறார்கள். முதலாளியிடம் கேட்டு வருகிறேன் என்று எழுந்து போகிற ஜெரி, பக்கத்து அறையில் சக ஊழியரிடம் விளையாட்டுப் போட்டி டிக்கெட் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி வந்து, கேட்டுவிட்டதாகப் பொய் சொல்கிறான். சிரித்த முகம் மாறவே இல்லை. கோபத்தில் கெட்ட வார்த்தை சொல்ல நினைக்கும் அந்த வாடிக்கையாளருக்கோ அது நாக்கில் எளிதில் வர மாட்டேன் என்கிறது. அவ்வளவு பண்பான மனிதர்.

இன்னொருவர் மார்ஜ். மூன்று பிணங்கள் கிடக்கிற இடத்தில், காலடித் தடங்களைப் பார்த்தே நடந்தது முழுவதையும் சொல்லிவிடுகிறார். குனிந்தவருக்குக் குமட்டுகிறது. பிணத்தைப் பார்த்து இல்லை, கர்ப்பக் குமட்டல். அது போனதும் பசிக்கிறது என்கிறார். செத்த காவலர் வண்டி எண்ணைக் குறிக்கத் தொடங்கி 'டிஎல்ஆர்' என்று எழுதியிருக்கிறார். அந்த எழுத்துகளில் தொடங்கும் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்கிறார் உதவிக் காவலர். விற்பனையாளரிடம் இருந்து வந்த புது வண்டிக்கான குறி அது என்பது மார்ஜுக்குப் பார்த்ததும் தெரிகிறது. உங்கள் துப்பறிதலோடு நான் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறேன் என்று சொல்ல முடியாது, என்கிற மாதிரி மெல்லச் சொல்கிறார். உதவிக் காவலரின் முகம் வாடியதும் ஒரு ஜோக்கும் சொல்லித் தேற்றுகிறார்.

ஜெரியிடமும் மார்ஜிடமும் இருப்பது அதே பணிவு, அதே இழுவை. ஜெரிக்கு அது போர்வை, மார்ஜுக்கு அது இயல்பு. ஊரைக் கேலி செய்வது மட்டும்தான் நோக்கம் என்றால், படத்திலேயே புத்திசாலியான, தைரியமான ஆளுக்கு அந்தப் பேச்சைக் கொடுத்திருக்க மாட்டார்கள். இதனால்தான் கேலிப் படம் என்ற கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. சாட்சி சொல்லும் இரண்டு பெண்கள், அவன் ஆள் பார்க்க வேடிக்கையாக இருந்தான் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியாமல் தலையாட்டிக்கொண்டே இருக்கும் காட்சியில் மட்டும் கேலியின் வாடை கொஞ்சம் அடிக்கிறது.

கிட்டத்தட்ட எல்லோரும் கேட்கிற ஒரு கேள்வி மைக் யானகிடா பற்றியது. மார்ஜின் பழைய வகுப்புத் தோழர், மினியாபொலிஸ் உணவகத்தில் அவரைச் சந்திக்கிறார். தன் மனைவி நோயில் இறந்துவிட்டதாகச் சொல்லி அழுகிறார். வழக்கோடு ஒட்டாத இந்தக் காட்சி எதற்கு, வெட்டியிருக்கலாமே என்பது பலரின் கருத்து. சிலர் இப்படிப் படிக்கிறார்கள்: மறுநாள் ஒரு தோழியிடம் பேசும்போது, மைக் சொன்னது அத்தனையும் பொய் என்று மார்ஜுக்குத் தெரிகிறது. அந்தப் பெண் அவருக்கு மனைவியே இல்லை, உயிரோடும் இருக்கிறார். கண்ணீரோடு சொன்னாலும் பொய்யாக இருக்கலாம் என்று புரிந்த மார்ஜ், அதற்கு அடுத்துத்தான் ஜெரியிடம் திரும்பிப் போய் மறுபடி விசாரிக்கிறார். எனக்கும் இந்தப் படிப்பு சரியாகப் படுகிறது. ஆனால் படம் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. விளக்கம் எதுவும் இல்லாமல், வேடிக்கையும் சங்கடமுமாக அந்தக் காட்சியை விட்டுவிட்டுப் போகிறது.

இனி, படத்தைப் பிடிக்காதவர்களின் மிக வலுவான வாதம். கடத்தப்படும் மனைவி ஜீன். வீட்டுக்குள் முகமூடி ஆட்கள் நுழையும்போது அவர் குளியலறைத் திரையைச் சுற்றிக்கொண்டு ஓடிப் படிகளில் உருண்டு விழுவது ஒரு சறுக்கி விழுகிற காமெடி மாதிரியே எடுக்கப்பட்டிருக்கிறது. பின்னால் ஏரிக்கரைக் குடிலுக்குக் கொண்டுபோனதும், கண் மறைக்கப்பட்ட நிலையில் பனியில் திசை தெரியாமல் ஓடித் தடுமாறி விழுகிறார். கார்ல் விழுந்து விழுந்து சிரிக்கிறான். இந்த இடத்தில்தான் பலர் படத்தைவிட்டு மனதால் வெளியேறிவிடுகிறார்கள். ஒரு பெண்ணின் உயிர்ப் பயத்தை எதற்குச் சிரிப்பாக்க வேண்டும் என்ற கேள்வி நேர்மையானது.

குடில் காட்சியைப் பொறுத்தவரை என் பதில் இது: அங்கே சிரிக்கிறவன் கார்ல்தான். பக்கத்தில் கேயர் எந்த உணர்ச்சியும் இல்லாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கூடச் சிரித்தால் நாம் நிற்பது கார்லின் பக்கம். அது உறைக்கும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. ஆனால் படிக்கட்டுக் காட்சிக்கு எனக்கு அப்படி ஒரு பதில் இல்லை. அங்கே சிரிப்பது படமே. ஜீனுக்கு ஒரு மனுஷியாக நம் மனதில் பதியப் போதுமான நேரத்தையும் படம் கொடுக்கவில்லை. அம்மாவுக்கு என்ன ஆகும் என்று மகன் ஜெரியிடம் கேட்கும் ஒரே ஒரு சின்னக் காட்சிதான் அந்த வீட்டின் இழப்பைக் காட்டுகிறது. நான் மிகவும் நேசிக்கும் படம் இது. இருந்தும் இந்தக் குறையைக் குறையாகத்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் குறையைப் படம் ஓரளவு ஈடுகட்டுவது மார்ஜ் மூலமாக. படம் மூன்றில் ஒரு பங்கு ஓடிய பிறகுதான் அவர் வருகிறார். அதுவரை பார்த்த உலகத்தில் நல்லவர் என்று நம்பி நிற்க ஒரு ஆள் கிடையாது. கடைசியில் கேயரைப் பிடித்து, கம்பித் தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்து வண்டி ஓட்டிக்கொண்டே அவனிடம் பேசுகிறார். உள்ளே தரையில் கிடந்தது அந்த மனைவிதானே, மரம் அரைக்கும் இயந்திரத்தில் கிடந்தது உன் கூட்டாளிதானே, பிரெய்னர்டில் அந்த மூன்று பேர் என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார். எதற்காக, கொஞ்சம் பணத்துக்காகவா, வாழ்க்கையில் அதைவிடப் பெரியது எவ்வளவோ இருக்கிறதே, இன்றைக்கு நாளும் எவ்வளவு அழகாக இருக்கிறது, எனக்குப் புரியவில்லை என்கிறார். கேயர் பதில் பேசுவதில்லை.

ஒன்றரை மணி நேரமாக நம்மைச் சிரிக்க வைத்த சாவுகளை அவர் வாயால் கேட்கும்போது அவற்றில் வேடிக்கை எதுவும் மிஞ்சுவதில்லை. டார்க் காமெடியைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு நான் காட்ட விரும்புவது இந்த இடத்தைத்தான். செத்தவர்களைக் கணக்கில் வைத்திருக்கிற ஒரு ஆளோ ஒரு பார்வையோ படத்துக்குள் இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லாத படத்தில் கொலை வெறும் ஜோக்காகிவிடும். அப்படிப்பட்ட படங்கள் நிறைய வந்திருக்கின்றன, அவற்றைப் பிடிக்கவில்லை என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

மார்ஜ் பேசும் அந்த வார்த்தைகள் வெகுளித்தனமானவை, இத்தனை வருடம் காவல் துறையில் இருந்தவருக்கு மனிதர்களின் பேராசை புரியாதா என்று கேட்கிறவர்களும் உண்டு. குற்றம் எப்படி நடந்தது என்பதை அவர் பனியில் பதிந்த தடத்தைப் பார்த்தே சொன்னவர். ஏமாளி இல்லை. ஒரு காரின் பாதி விலைக்காக ஒருவனை ஏன் வெட்ட வேண்டும் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. அதற்குக் கேயரிடமும் பதில் இல்லை என்பதைப் பின் இருக்கையில் அவன் முகம் காட்டுகிறது.

இதற்குப் பிறகும் படம் ஒருமுறை நம்மைச் சோதிக்கிறது. பிஸ்மார்க் நகருக்கு வெளியே ஒரு சாலையோர விடுதியில் ஜெரியைப் பிடிக்கிறார்கள். உள்ளாடையோடு குளியலறை ஜன்னல் வழியாகத் தப்பப் பார்க்கிறவனைக் காவலர்கள் இழுத்துக் கட்டிலில் அமுக்கும்போது, குழந்தைபோல் அலறுகிறான். சிலர் படத்திலேயே அதிகம் சிரித்தது அங்கேதான் என்கிறார்கள். மார்ஜ் பேசியதைக் கேட்ட கையோடு அந்த அலறலைக் கேட்டதால், எனக்கு அங்கே சிரிப்பு வரவில்லை.